சர்க்கரைக்குத் தேவை ஒரு திண்ணைக் கூட்டம்!

ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவிடம் போனில் பேசும்போது, 'சுகர் மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?' என்று கேட்கிறீர்கள். 'போடறேம்ப்பா' என்று பதில் வருகிறது. பேச்சு அத்தோடு முடிந்தது! டாக்டர்களாகிய நாங்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறோம். எங்களுக்கும் இதே பதில்தான். அது நிஜமா, ஒப்புக்குச் சொன்னதா என்று உட்கார்ந்து விசாரிக்க உங்களுக்கும் நேரமில்லை, எங்களுக்கும் நேரமில்லை.

நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கிராமத்து ஜனங்களுக்குத்தான் வைத்தியம் பார்க்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு விவசாயி என்னிடம் வந்தார். நாடி பார்த்தேன், நீரைச் சோதித்தேன், ஆவாரைக் குடிநீர் எழுதிக் கொடுத்தேன். ஏற்கெனவே இங்கிலீஷ் மாத்திரை சாப்பிட்டுக் கொண்டிருந்தார். 'அதை நிறுத்தாதீங்க' என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. 'நாட்டு மருந்துக்கு வந்தாச்சே, இனி அது எதுக்கு' என்று அவராகவே நிறுத்திவிட்டார். ஏழெட்டு மாதம் கழித்து வலது கால் விரலில் புண்ணோடு வந்தார். முள் குத்தியதே தெரியவில்லை என்றார். கடைசியில் அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அதைவிட என்னை அதிகம் உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. அவருடைய தெருவிலேயே இன்னொருவர் இதே மாதிரி மாத்திரையை நிறுத்தி, அவஸ்தைப்பட்டு, மறுபடி ஆரம்பித்திருக்கிறார். இரண்டு பேரும் தினமும் டீக்கடையில் சந்திக்கிறவர்கள். ஆனால் சர்க்கரை இருப்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொண்டதில்லை! இரண்டு பேரையும் ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தால் அந்த விரல் தப்பித்திருக்குமோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன்: கிராமத்தில் சர்க்கரை நோயாளிகளைத் தனித்தனியாக வரவழைத்து, ஆளுக்கு இரண்டு நிமிஷம் பார்த்து அனுப்புவதோடு நிறுத்தக் கூடாது. பத்துப் பன்னிரண்டு பேரை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்கார வைத்து வைத்தியம் பார்க்க வேண்டும். 'ஓஹோ, முகாமா?' என்று கேட்காதீர்கள். முகாம் ஒரு நாள் கூத்து. மைக் வைத்துப் பேசும் சொற்பொழிவும் இல்லை. அதே பன்னிரண்டு பேர், மாதாமாதம், அதே கிழமையில் வர வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சில வருஷமாக இதைச் செய்கிறோம். பக்கத்து ஊர் எம்.பி.பி.எஸ். டாக்டர் ஒருவரும் வருவார். காலை ஆறரைக்கெல்லாம் வெறும் வயிற்றோடு வந்து விடுவார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கூலி போகக்கூடாது இல்லையா? எட்டரைக்குள் முடித்தாக வேண்டும். நர்ஸ் ஒருவர் விரலில் குத்தி சர்க்கரை பார்ப்பார், எடை, பிரஷர் எடுப்பார். பிறகு வட்டமாக உட்கார்ந்து பேச்சு. ஒவ்வொருவரிடமும் நாங்கள் பேசுவதை மற்றவர்கள் கேட்டுக் கொண்டிருப்பார்கள். ஒருவர் கேட்கத் தயங்கும் கேள்வியை இன்னொருவர் கேட்டு விடுவார். ரகசியமாகச் சொல்ல வேண்டியது இருந்தால் கடைசியில் தனி அறையில் ஐந்து நிமிஷம்.

முதல் கூட்டத்திலேயே ஒரு அம்மா பெருமையாகச் சொன்னார்: "ஐயா, நான் சீனியைத் தொடவே மாட்டேன். கருப்பட்டிக் காப்பிதான்."

"நாளைக்கு எத்தனை காப்பிம்மா?"

"என்ன... ஒரு நாலு, அஞ்சு இருக்கும்."

கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றும் என்று நான் அவரிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டாரா? ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவர், "மதினி, நானும் அப்படித்தான் ஏமாந்தேன். கருப்பட்டியை விட்ட பொறவுதான் எனக்கு இறங்குச்சு" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதம் அந்த அம்மா காப்பியில் கருப்பட்டியை விட்டிருந்தார். என்னுடைய படிப்பு செய்யாததை மதினி உறவு செய்துவிட்டது!

கேப்பையும் அப்படித்தான். 'கேப்பை சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது' என்று பலரும் நம்புகிறார்கள். மாவாக அரைத்து, கூழாகக் கரைத்து, ஒரு சொம்பு குடித்தால் அதுவும் சீக்கிரம் ஏற்றத்தான் செய்யும். எதைச் சாப்பிடுகிறோம் என்பதோடு, எவ்வளவு, எந்த வடிவத்தில் என்பதும் முக்கியம். இதை நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் புரியாது. இரண்டு பேருடைய தட்டை ஒப்பிட்டுப் பேசினால் உடனே புரிகிறது. ரேஷன் அரிசிச் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டச் சொல்கிறோம். 'காய் விக்கிற விலையில எங்கய்யா கூட்ட?' என்று கேட்டவருக்கு, முருங்கைக்கீரையும் வீட்டுக் கூரையில் படர்ந்த சுரைக்காயும் போதும் என்று பதில் சொன்னது நானல்ல, இன்னொரு நோயாளி.

எல்லாரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, உள்ளங்காலைப் பார்க்க வைப்பது எங்கள் வழக்கம். குனிய முடியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வெடிப்பு, கொப்புளம், முள் என்று எத்தனை அகப்படும் தெரியுமா! சர்க்கரையால் நரம்பு மரத்துப் போனவர்களுக்கு வலி என்கிற காவல்காரனே இல்லை.

இன்சுலின் போடும் ஒரு பெரியவர் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மண்பானைக்குள் ஒரு சின்னப் பானை, நடுவில் ஈர மணல், உள்ளே மருந்து பாட்டில். வெயில் காலத்திலும் வெளிச்சூட்டைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். அதை அவரே கொண்டுவந்து காட்டினார். மருந்தை ஃபிரீசரில் வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

இதெல்லாம் நம் ஊர்க் கற்பனை என்று நினைக்க வேண்டாம். இத்தாலியில் டூரின் நகரத்தில் 112 சர்க்கரை நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதியைக் குழுவாகவும் மறுபாதியை வழக்கம் போலத் தனித்தனியாகவும் ஐந்து வருஷம் பார்த்தார்கள். 2004ல் முடிவு வெளியானது. தனியாகப் பார்க்கப்பட்டவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான ஹெச்.பி.ஏ.1.சி. வருஷம் போகப் போக ஏறியது. குழுவில் இருந்தவர்களுக்கு அப்படி ஏறவில்லை. அது நகரத்து ஆஸ்பத்திரி, வேறு ஜனங்கள். ஆனால் கூடிப் பழகும் பழக்கம் அவர்களைவிட நமக்குத்தானே அதிகம்? 1989ல் தர்மபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கிய நாளிலிருந்து, வட்டமாக உட்கார்ந்து கணக்குப் பார்க்க நம் கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பணக் கணக்கோடு சர்க்கரைக் கணக்கையும் பார்த்தால் என்ன?

2021 ஆகஸ்ட் 5ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. பஸ் ஏற முடியாத முதியவர்களுக்கு எவ்வளவு பெரிய உபகாரம்! அதில் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் மாத்திரை வீடு தேடி வருகிறபோது, நோயாளி இன்னொரு நோயாளியைச் சந்திக்கிற வாய்ப்பு குறைகிறது. மாதத்தில் ஒரு காலை அந்தத் தெருக்காரர்களை ஒன்றாக உட்கார வைத்தால் மாத்திரையின் பலன் இரட்டிப்பாகும் என்பது என் அபிப்பிராயம். 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. இத்தனை பேருக்கும் தனித்தனியாக அரை மணி நேரம் ஒதுக்க எந்த டாக்டரால் முடியும்?

சங்கடங்கள் இல்லாமல் இல்லை. கூட்டம் கூடினால், 'உனக்குக் கேட்ட மாத்திரையை எனக்கும் ரெண்டு குடு' என்று பரிமாற்றம் தொடங்கிவிடும். அதை முதல் நாளே கண்டித்துவிட வேண்டும். சிறுகுறிஞ்சானை மாத்திரையோடு சேர்த்துத் தானாகவே சாப்பிட்டு, சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து மயங்கி விழுந்தவரை நான் பார்த்திருக்கிறேன். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடிக்க வேண்டும், கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடி குடிக்க வேண்டும் என்பதைப் பன்னிரண்டு பேருக்கும் மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறோம். மயங்கியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். நம் கிராமங்களில் எல்லாத் திண்ணையிலும் எல்லாரும் உட்கார முடியாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் கோயில் மண்டபம் வேண்டாம், பெரிய வீட்டு முற்றம் வேண்டாம். பள்ளிக்கூடமோ, துணை சுகாதார நிலையமோ போதும். 'திண்ணைக் கூட்டம்' என்பது பேருக்குத்தான்!

எங்கள் சித்த வைத்தியத் துறைக்கும் ஒரு வார்த்தை. 'சர்க்கரையை அடியோடு ஒழிப்போம், இன்சுலினைத் தூக்கிப் போடுங்கள்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். ஆவாரையின் குணத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. அதற்காக இன்சுலினை நிறுத்தச் சொல்ல மாட்டேன். விளம்பரத்தை நம்பி ஒருவர் ஏமாந்தால், வட்டத்தில் இருக்கும் மற்ற பதினொரு பேருக்கும் அது தெரிந்துவிடுகிறது. இந்த மாதிரி ஆசாமிகளுக்குக் குழு பிடிக்காது!

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் அப்பாவை, அம்மாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அந்தத் தெருவில் இன்னும் யாருக்கெல்லாம் சர்க்கரை என்று விசாரியுங்கள். அரைமணியில் ஏழெட்டுப் பேர் கிடைப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். குளுக்கோமீட்டரும் அதற்கான ஸ்ட்ரிப்பும் வாங்கிக் கொடுங்கள். நீங்கள் வாங்கிப் போகும் ஸ்வீட் பாக்ஸைவிட உபயோகமானது.

போன மாதக் கூட்டத்துக்குப் பன்னிரண்டில் பதினொரு பேர் வந்தார்கள். வராதவர் வீட்டுக்கு நான் ஆள் அனுப்புவதற்குள் இரண்டு பேர் கிளம்பிப் போய்விட்டார்கள். மகள் வீட்டுக்கு மதுரைக்குப் போயிருக்கிறாராம். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்கள்: "மாத்திரையைக் கையோட கொண்டு போயிருக்காராய்யா. போன் போட்டுக் கேட்டுட்டோம்."