தேநீர் இடைவேளையில் சொன்னது

மாமல்லபுரத்தில் கடற்கரை விடுதி ஒன்றில் ஏரிப் பராமரிப்பு பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு. முதல் நாள் தேநீர் இடைவேளையில், ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் மதுராந்தகம் பக்கத்து ஏரிக்கரைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "நண்டு வளையை வாயில மட்டும் களிமண் வெச்சு அடைச்சா நிக்காது சார். முடிவு வரைக்கும் வெட்டித் திறந்து, அடுக்கடுக்கா மண்ணைப் போட்டுக் கெட்டிச்சுக்கிட்டே வரணும்." சுற்றி ஐந்து பேர் நின்றிருந்தோம். மணி அடித்தது, உள்ளே போனோம். அரங்கில் யாரும் அதை எடுக்கவில்லை.

ஊர் திரும்பும்போது பையில் ஆய்வுக்கோவை கனத்தது. மூன்று மாதம் முன்பே கட்டுரை வாங்கி அச்சிட்ட நூல். ஆக, அந்த இரண்டு நாளில் கேட்ட கேள்வி, எழுந்த மறுப்பு, மாற்றிக்கொண்ட கருத்து எதுவும் அதில் இருக்க வழியில்லை. கூடுவதற்கு முன்னால் தெரிந்ததை அச்சேற்றுகிறோம். கூடியதால் தெரிந்ததைக் காற்றில் விடுகிறோம். இது எனக்கு ஆறாத வருத்தம்.

அதே மாமல்லபுரத்தில், பூஞ்சேரியில், 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அதில் இந்திய ஆட்டக்காரர் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றார். ஒவ்வொரு நகர்வையும் ஆடுபவரே தாளில் குறித்தாக வேண்டும் என்பது விதி. அதனால் செங்கல்பட்டில் ஒரு பள்ளிப் பையன் இன்றைக்கும் அந்த ஆட்டங்களை முதல் நகர்விலிருந்து ஆடிப் பார்க்கலாம், தோற்றவர் எங்கே தவறினார் என்று வாதாடலாம். நம் கருத்தரங்குகளுக்கு ஏன் அந்தத் தாள் இல்லை?

அப்படி ஒரு தாளோடு கூடியவர்களும் உண்டு. பூஞ்சேரியில் முடியும் பழைய மாமல்லபுரம் சாலையின் சென்னை முனைக்கு அருகே, டைடல் பார்க்கில், 2006-இல் வலைப்பதிவர்களின் பிளாக்கேம்ப் கூடியது. 2005-இல் அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோவில் தொடங்கிய பார்கேம்ப் வழியில் வந்த கூட்டம் அது. அந்த வழியில் நிகழ்ச்சி நிரலை மேலிருந்து யாரும் தருவதில்லை. வருகிறவர்களே, யாரும் எழுதித் திருத்தக்கூடிய பொதுவான விக்கிப் பக்கத்தில் பெயரையும் பேசப்போவதையும் எழுதுவார்கள். கேட்டவர்கள் தங்கள் வலைப்பதிவில் குறிப்பு எழுதுவார்கள், வராதவர்கள் அதற்கு மறுமொழி எழுதுவார்கள். கணினிக்காரர்களுக்கு மட்டும் உரிய முறை என்று இதை ஒதுக்க முடியாது. தமிழ் விக்கிப்பீடியாவில் 2003 முதல் ஆசிரியர்களும் மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும் சேர்ந்து எழுதித் திருத்தி வருகிறார்கள்.

அப்படியொரு விக்கிப் பக்கத்தை நம் கருத்தரங்குக்கும் ஒரு மாதம் முன்பே திறந்துவிட வேண்டும். தட்டச்சு வராதவர் சொல்லச் சொல்ல எழுத, ஒவ்வொரு அமர்வுக்கும் இரண்டு மாணவர்களை உட்காரவைக்கலாம். தேநீர் மேசைக்கு அருகிலும் ஒருவர் இருக்கட்டும். கூட்டம் முடிந்ததும் பக்கத்தை மூடிவிடக் கூடாது. மழைக்காலம் கழித்து, சொன்னபடி செய்த கரை நின்றதா, கசிந்ததா என்று ஊர்க்காரர் ஒருவர் வந்து எழுத இடம் வேண்டும்.

அடுத்த கூட்டத்தின் ஏற்பாட்டாளர்களிடம் இதைக் கேட்டிருக்கிறேன். பக்கம் திறக்கும் அன்று, அந்த நண்டு வளையை முதல் பதிவாக நானே எழுதுகிறேன். அந்தப் பொறியாளரின் பெயரோடு.