தோப்புவீடுகளும் ஒரு சசெக்ஸ் வீடும்

பண்ணைவீட்டின் கட்டடக்கலை அதன் தூண்களிலும் உத்தரங்களிலும் இருப்பதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது அந்த வீட்டில் நடந்த வேலையில் இருக்கிறது என்பது என் கருத்து. பெரும்பாணாற்றுப்படை, உழவர் இல்லத்தைச் சொல்லும்போது கன்றுகளைக் கட்டிய முளைகளையும், ஏணிக்கும் எட்டாத உயரத்தில் பழைய நெல் நிறைந்து நிற்கும் கூடுகளையும் காட்டுகிறது. அந்த வீட்டின் அழகு என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் கண்டது அவற்றைத்தான்.

செண்பகத்தோப்புப் பக்கம், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலையடிவாரத் தோப்புகளில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். சுவர் தடித்திருப்பது வெயிலுக்காக. முன்வாசல் அகன்றிருப்பது மூட்டைகளுக்காக. ஓட்டுச்சாய்ப்பு தாழ்ந்து இறங்குவது சாரலுக்காக. பட்டாசலின் மூலையில் குலுக்கை, பின்கட்டில் தொழுவம், அதைத் தாண்டிக் களமும் படப்பும். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் வைக்கோலில் பழுக்க ஓர் இருட்டறை. அலங்காரம் என்று சொல்லத்தக்கது நிலைக்கதவின் செதுக்கல் ஒன்றே.

அந்த வேலைகள் போய்விட்டன. கமலைக்குப் பதில் பம்புசெட் வந்தது, மாட்டுக்குப் பதில் டிராக்டர் வந்தது. நெல்லும் களத்திலிருந்தே விலைக்குப் போகிறது. வேலை போனபின் வீடு என்ன ஆகிறது? பாகப்பிரிவினையில் பட்டாசலின் நடுவே சுவர் எழுகிறது. பிறகு ஒருநாள் நிலையும் கதவும் தூணும் பிரிக்கப்பட்டுக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச்சேர்கின்றன. அந்தத் தூண்கள் நகரத்து உணவகம் ஒன்றில் மறுபடி நிற்கலாம். அங்கே அவை எதையும் தாங்குவதில்லை.

அருங்காட்சியகம் இன்னொரு வழி. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடும் அக்கிரகார வீடும் உழவர் வீடும் நிற்கின்றன. அழிவின் விளிம்பிலிருந்த வீடுகளை வாங்கி, பிரித்து, அங்கே மறுபடி நிறுத்திய உழைப்பு வணங்கத்தக்கது. ஆயினும் அந்த அடுப்புகளில் யாரும் தமக்காகச் சமைப்பதில்லை. எல்லா வீடுகளையும் அருங்காட்சியகம் ஆக்கவும் இயலாது.

மூன்றாவது வழிக்கு இங்கிலாந்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கிழக்கு சசெக்ஸில் நார்த்தியம் என்ற ஊரிலுள்ள கிரேட் டிக்ஸ்டர், பதினைந்தாம் நூற்றாண்டின் மரச்சட்ட வீடு. பண்ணை நிலங்களோடு விலைக்கு வந்த அதை 1910இல் நத்தானியேல் லாயிட் வாங்கினார். பின்னாளில் புதுதில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸிடம் திருத்தும் பணியை ஒப்படைத்தார். நடுக்கூடத்தில் பிற்காலத்தவர் செருகியிருந்த தளங்களையும் தடுப்புகளையும் லட்யன்ஸ் அகற்றினார். கென்ட் பகுதியில் பெனென்டன் என்ற ஊரில் இடிபடவிருந்த இன்னொரு பழைய வீட்டின் மரங்களுக்கு எண்ணிட்டுப் பிரித்து, கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். இரண்டுக்கும் இடையே தாம் கட்டிய பகுதியைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டினார். அதற்குப் பழைய மரவீட்டின் வேடம் போடவில்லை. களஞ்சியத்தையும் மாட்டுக்கொட்டிலையும் இடிக்காமல் தோட்டத்தின் அமைப்புக்குள் சேர்த்துக்கொண்டார். லாயிட்டின் மகன் கிறிஸ்டோபர் 1921இல் அங்கே பிறந்து, புகழ்பெற்ற தோட்டக்கலை எழுத்தாளராகி, 2006இல் மறையும்வரை அந்த வீட்டையே தம் இல்லமாகக் கொண்டிருந்தார்.

லாயிட் அச்சுத்தொழிலில் பொருள் ஈட்டியவர், நம்மால் ஆகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது செலவை அல்ல, முறையை. தொழுவத்துக்குச் சுவர் வைத்தால் படிப்பறை ஆகும். பின்கட்டில் கழிப்பறையைப் புதிதாக, புதியது என்று தெரியும்படியே கட்டலாம். ஒழுகும் ஓட்டை மாற்றினால் போதும். கூரையைப் பெயர்த்துக் கான்கிரீட் போட வேண்டியதில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டுப் பூச்சு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உளுத்துப்போகும். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவருகிறார்கள் என்பதால் இதைத் தள்ளிப்போடவும் முடியாது. அவர்களுக்கு வேலை கொடுப்பவர்கள் இருந்தால்தான் அந்தக் கையறிவு அடுத்த தலைமுறைக்குப் போகும்.

பழைய வீட்டில் குடியிருப்பது சிரமம் என்பதை மறுக்கவில்லை. வெளிச்சம் குறைவு, படிகள் உயரம், பராமரிப்பு ஓயாது. ஆனால் அதே தோப்பில் பழையதை இடித்துவிட்டு, கான்கிரீட் தூணுக்கு மரவண்ணம் பூசி, 'பாரம்பரிய பாணி' பண்ணை இல்லம் கட்டுவதற்கு ஆகும் பணத்தில் பல பழைய வீடுகளைச் சீர்செய்துவிடலாம். பாகம் பிரிக்கும் குடும்பங்கள் நிலத்தைப் பிரித்துக்கொள்ளட்டும். வீட்டை மட்டும் ஒருவர் பங்கில் முழுதாக விட்டு, மற்றவர்களுக்கு அதன் மதிப்பை ஈடுசெய்துவிடலாம். குலுக்கையில் இனி நெல் இராது. ஆனால் அது இருந்த மூலையில் ஒரு குழந்தை உட்கார்ந்து படிக்குமானால், அந்த வீடு இன்னும் வேலைசெய்துகொண்டிருக்கிறது என்றே பொருள்.