வெடித்த ராக்கெட்டும் கைதட்டலும்

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் தென்கோடிக் கடற்கரையிலிருந்து 2023-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி 'ஸ்டார்ஷிப்' என்ற ராக்கெட்டைச் சோதனையாக ஏவினார்கள். உயரம் சுமார் 120 மீட்டர். அடியில் 33 எஞ்சின்கள். கிளம்பும்போதே மூன்று எரியவில்லை. போகப் போக இன்னும் சில அணைந்தன. ஏறத்தாழ 39 கிலோமீட்டர் உயரம் வரை போன ராக்கெட், நிலைதடுமாறிக் கரணம் போட்டது. புறப்பட்ட நான்கு நிமிடத்தில் வெடித்துச் சிதறியது. நல்லவேளையாக அதில் ஆள் யாரும் இல்லை.

அதைக் கட்டிய 'ஸ்பேஸ் எக்ஸ்' கம்பெனியின் ஊழியர்கள் அப்போது என்ன செய்தார்கள்? கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். உலகமே அதைப் பார்த்தது. வெடித்துப்போனதைக் கம்பெனி 'திட்டமிடாத துரிதப் பிரிவு' என்ற பொருள்படும்படி அறிவித்தது. காணாமற்போன ஃபைலுக்கு 'தேடப்பட்டு வருகிறது' என்று குறிப்பெழுதும் ஆபீசுகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த நடை புதிதல்ல.

அந்தக் கைதட்டலைக் கண்டு முகம் சுளித்தவர்கள் பலர். இத்தனை பணம் கரியானதற்குக் கொண்டாட்டம் வேறா என்று கேட்டார்கள். கேட்டதில் பாதிதான் நியாயம். சோதனை என்றால் தோற்கவும் செய்யும். ஏவுமேடையை விட்டு நல்ல தூரம் போனாலே வெற்றி என்று கம்பெனித் தலைவர் எலான் மஸ்க் முன்கூட்டியே சொல்லியும் இருந்தார். வருஷக்கணக்கில் பாடுபட்டவன், தன் கைவேலை மண்ணை விட்டு எழும்பியதைக் கண்டு கைதட்டினால் அதில் குற்றம் காண்பது அழகல்ல.

தோல்வியைப் பார்த்துச் சிரிப்பவர்களின் கதை நம் நாட்டிலும் உண்டு. 1979 ஆகஸ்ட் 10-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பிற்று. திட்ட இயக்குநர் ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம். சில நிமிடங்களில் ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. இரண்டாம் கட்டத்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு கோளாறாகி நைட்ரிக் அமிலம் கசிந்ததே காரணம். ஏழை நாட்டுப் பணத்தைக் கடலில் கொட்டினார்கள் என்று ஏளனம் எழுந்தது. அன்று பத்திரிகையாளர்கள் முன் நின்று பதில் சொன்னவர் விண்வெளி நிறுவனத் தலைவர் சதீஷ் தவன். பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18-ல் அதே ராக்கெட் வெற்றி பெற்றபோது, பேசுவதற்குக் கலாமை அனுப்பினார். கலாமே பிற்காலத்தில் மேடைக்கு மேடை சொன்ன செய்தி இது.

ஏளனம் செய்தவர்களுக்கு ராக்கெட்டைப் பற்றித் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் பணம் அவர்களுடையது. கேட்க உரிமை இருந்தது, பதில் சொல்லவும் ஒருவர் இருந்தார். டெக்ஸாஸில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: கைதட்டியவர்கள் போக, மற்றவர்களுக்குப் பதில் சொன்னது யார்?

ஏவுமேடையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் போர்ட் இசபெல் என்ற சிற்றூர் இருக்கிறது. ராக்கெட் கிளம்பிய வேகத்தில் மேடைக்கு அடியிலிருந்த கான்கிரீட் பெயர்ந்து பெரும் பள்ளம் விழுந்தது. பெயர்ந்தது தூளாகி மேலே எழும்பி ஊரின் மேல் இறங்கிற்று. வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன. கார்களின் மேல் மணலாகப் படிந்தது. பக்கத்துப் பூங்காவில் மூன்றரை ஏக்கர் தீப்பற்றியது. மேடைக்கடியில் வைக்கவேண்டிய, தண்ணீரால் குளிரூட்டும் எஃகுத் தகடு அப்போது தயாராகவில்லை. ஒரு தடவைக்குக் கான்கிரீட் தாங்கும் என்று எண்ணி ஏவிவிட்டார்கள். இதற்குச் சோதனை என்றா பெயர்? அவசரம் என்றல்லவா சொல்லவேண்டும்!

தனியார் பணம், அவர்கள் இஷ்டம் என்பாரும் உண்டு. சந்திரனில் மனிதரை இறக்கும் வாகனத்துக்காக 2021-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா ஏறத்தாழ 290 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது இந்தக் கம்பெனியோடுதான். அது வரி கட்டுகிறவன் பணம்.

அடுத்து விசாரணை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் மேற்பார்வை பார்த்தது. விசாரணையை நடத்தியது கம்பெனியேதான்! 63 திருத்தங்கள் செய்யவேண்டும் என்று முடிவு சொன்னார்கள். திருத்தங்கள் நல்லவையாகவே இருக்கட்டும். நம் நாட்டில் புதிய ரயில் பாதை போட்டால், ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர் வந்து பார்த்துச் சம்மதம் தந்த பிறகே பயணிகள் வண்டி ஓடலாம். அந்தக் கமிஷனர் ரயில்வேக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பவர். பாதை போட்டவனே பாதைக்குச் சாட்சி சொல்லக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. (அவருடைய ரிப்போர்ட்டுகளை எல்லாரும் படிக்கிறார்களா என்பது வேறு விஷயம்.) விண்வெளி யுகத்தில் முன்னே நிற்கும் தேசத்துக்கு இந்தப் பழைய விவேகம் ஏன் எட்டவில்லை?

இந்தக் கேள்வி டெக்ஸாஸோடு நிற்கவில்லை. 2025 ஜனவரி 16-ந் தேதி ஏழாவது ஸ்டார்ஷிப், கரீபியன் பக்கத்து டர்க்ஸ்-கைகோஸ் தீவுகளின் மேல் சிதறியது. அந்தி வானில் நெருப்புக் கோடுகள் ஓடியதைப் படம் பிடித்து அழகு என்று வியந்தவர்கள் உண்டு. அதே நேரத்தில் பயணிகளோடு வந்துகொண்டிருந்த விமானங்கள் வழிமாற்றப்பட்டன. சில வானத்திலேயே வட்டமிட்டன. கரையில் துண்டுகளைக் கண்டெடுத்தால் தொடவேண்டாம், அதிகாரிகளுக்கோ கம்பெனியின் டெலிபோன் நம்பருக்கோ சொல்லவும் என்று தீவுக்காரர்களுக்கு அறிவிப்பு வந்தது. சரியாக ஏழு வாரம் கழித்து, மார்ச் 6-ந் தேதி, அடுத்த ராக்கெட்டையும் ஏவினார்கள். அதுவும் வானில் சிதறியது. அதை ஏவ அனுமதி தந்தபோது, முந்தைய வெடிப்பைப் பற்றிய விசாரணை முடிந்திருக்கவில்லை.