வேன் கிளம்பிய பிறகு வீட்டில் யார்?



"ஆபத்துக்குத் தயாரா இருங்க"ன்னு யாராவது சொன்னால், "நம்ம அவிநாசிபாளையத்துல கடலா இருக்குது, காடா இருக்குது?"ன்னு சிரிப்போம். நானும் சிரிச்சவள்தான். போன மாசம் ஒரு ராத்திரியோடு அந்தச் சிரிப்பு நின்னு போச்சு.

அம்மாவும் அப்பாவும் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்டைம். வீட்டில் கரண்ட் இல்லை. மாட்டுக்குத் தீவனம் போடப் போன அப்பத்தா காலில் ஏதோ கடித்துவிட்டது. டார்ச் எங்கே என்று தெரியவில்லை. அப்பத்தாவின் செல் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு மாமா தன் செல்லை நீட்டி, "அப்பா நம்பர் சொல்லு கண்ணு" என்றார். எனக்கு வாயே வரவில்லை. 'அப்பா' என்ற பெயரைத் தொட்டுத்தான் பழக்கம், நம்பர் தெரியாது!

மாமாதான் 108-க்குப் பேசினார். இன்னொருவர் காலில் கயிற்றை இறுக்கிக் கட்டினார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "இப்படிக் கட்டவே கூடாது" என்றார். அப்பத்தா பிழைச்சுக்கிட்டாங்க. ஆனால் எனக்கு ஒன்று புரிந்தது. நம்ம ஊரில் பெரியவங்க காலையில் கம்பெனி வேன் ஏறினால் ராத்திரிதான் வருவாங்க. வீட்டில் இருப்பது நாமும் தாத்தா பாட்டியும்தான். அதனால் தயாராக வேண்டியதும் நாம்தான்.

சின்னப் பிள்ளைகளால் என்ன முடியும் என்கிறீர்களா? 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது தாய்லாந்துக் கடற்கரையில் இருந்த டில்லி ஸ்மித் என்ற இங்கிலாந்துச் சிறுமிக்கு வயது 10. இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்து, பெற்றோரை எச்சரித்தாள். அந்தக் கரையில் இருந்தவர்கள் தப்பினார்கள். அதே நாளில் புதுச்சேரி நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் போன் செய்தார். அங்கிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,000-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் பிழைத்தார்கள். ஒரு பாடம், ஒரு போன், ஒரு மைக். அவ்வளவுதான்!

நாம் செய்ய வேண்டியவை:

1. அம்மா, அப்பா நம்பரை மனப்பாடம் செய்யுங்கள். 108, 101, 112 ஆகியவற்றோடு சேர்த்து அடுப்படிச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

2. டார்ச், தண்ணீர் பாட்டில், தாத்தா பாட்டியின் மாத்திரை, ரேஷன் கார்டு நகல், கொஞ்சம் பணம் எல்லாம் ஒரே பையில், ஒரே ஆணியில்.

3. பாம்பு கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். வீங்கும் என்பதால் கொலுசு, மெட்டியைக் கழற்றி, காலை அசைக்காமல் படுக்க வையுங்கள். மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் உண்டு.

4. கேஸ் வாசம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள்.

5. அடுப்புப் பக்கம் பீஸ் கட்டு வைக்காதீர்கள். வருமுன் காக்காத வாழ்க்கைக்கு வள்ளுவர் நெருப்பையும் வைக்கோலையும் உதாரணம் சொன்னார். நம்ம ஊருக்கு வந்திருந்தால் பனியன் வேஸ்ட்டைச் சொல்லியிருப்பார்!

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்து மார்க் கேள்விக்கு எத்தனையோ மனப்பாடம் செய்கிறோம். மாதம் ஒரு நாள் பிரேயரில் இதையும் செய்து பார்க்க வையுங்கள்.

நண்பர்களே, இதைப் படித்து முடித்ததும் கண்ணை மூடி அப்பா நம்பரைச் சொல்லிப் பாருங்கள். வரவில்லையா? இன்னைக்கு வீட்டுப்பாடம் அதுதான்!

– 9-ஆம் வகுப்பு மாணவி