உடுக்கையை ஊமையாக்கியவர் யார்?

பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மார்க்குக் கொங்குநாட்டில் கோயில்கள் உண்டு, வழிபாடு உண்டு, குலப்பெருமை பேசும் மேடைகளும் உண்டு. ஆனால், அவர்தம் கதையை முதலிலிருந்து முடிவுவரை சொல்லத் தெரிந்த இளைஞன் ஒருவனைக் காட்டுக என்றால் நம்மவர் திகைத்து நிற்பர். சாமி இருக்கிறது, சாமியின் கதையைக் காணோம்! இந்த இழிநிலையை நமக்கு உண்டாக்கியவன் எந்த அயலானும் அல்லன்.

எத்தகைய கதை அது! மகப்பேறின்றி வருந்தித் தவங்கிடந்த தாமரை நாச்சியாரின் கதை. நிலத்துக்காகக் குழந்தைகளையே கொல்லத் துணிந்த பங்காளிகளின் கதை. கொம்பன் என்னும் காட்டுப்பன்றியைச் சங்கர் வேட்டையாடியதும், அதனை அடுத்து மூண்ட போரும், தன் வாள்மீதே தான் பாய்ந்து அவன் உயிர்நீத்ததும், தம்பியைத் தொடர்ந்து பொன்னரும் மாய்ந்ததும், உடன்பிறந்த தங்காள் காடெல்லாம் தேடிப் படுகளம் வந்து அண்ணன்மாரை எழுப்பியதும் கேட்டவர் நெஞ்சை உருக்கும். மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது இன்றும் அப் படுகளம் நிகழ்கின்றது. மாண்டவரைப் போல் வீழ்வோரும், அவரை எழுப்புவோரும், கண்ணீர் வடிப்போரும் அங்கே நடிப்பதாக எண்ணுவதில்லை. இதனை ஒரு பாடகன் உடுக்கையொன்றையே துணையாகக் கொண்டு இரவு பல தொடர்ந்து பாடிய காலம் நெடுந்தொலைவில் இல்லை.

1965-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகமே கனன்றெழுந்த ஆண்டு. மாணவர் குருதி சிந்தினர்; தீக்குளித்தோர் தம் உடலையே மொழிக்கு விறகாக்கினர். அதே ஆண்டில் காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில், பிரெண்டா பெக் என்னும் அயல்நாட்டுப் பெண்மணி ஒலிப்பதிவுக் கருவியோடு அமர்ந்து, உடுக்கைப் பாடகர் பாடிய இக்கதையை முழுமையாகப் பதிவு செய்துகொண்டிருந்தார். மொழிக்காக உயிர் கொடுக்கத் தெரிந்த இனத்துக்கு, அம்மொழியில் பாடியவனின் அருகே சென்று அமரத் தெரியவில்லை! 1971-இல் சக்திக்கனல் இக்கதையை நூலாகப் பதிப்பித்ததை நன்றியோடு நினைக்கின்றோம். ஆயினும், பாடகனின் வாய்மொழி தமிழ்மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாகச் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது 1992-இல்தான். அதுவும் அப்பெண்மணியின் உழைப்பால்தான்.

அவர் அத்தோடு நிற்கவில்லை. கனடாவில் இருந்துகொண்டு, ஓவியர் இரவிச்சந்திரன் ஆறுமுகத்தின் கைவண்ணத்தில், பொன்னிவளநாட்டுக் கதையாக இதனை 26 பகுதிகள் கொண்ட அசைபடமாக ஆக்கினார். புலம்பெயர்ந்த குழந்தையொன்று பனிபொழியும் ஊரில் அமர்ந்து தங்காளைக் காண முடிகின்றது. அவிநாசிச் சாலையோரத்துக் குழந்தைக்கோ அவளைத் தெரியாது. ‘வெள்ளைக்காரிக்கு நம் கதையில் என்ன உரிமை?’ என்று மீசை முறுக்குவோரைக் கேட்கின்றேன்: உம் கையை யார் கட்டிவைத்தார்? புதினமாகவும், 2011-இல் திரைப்படமாகவும் ‘பொன்னர்–சங்கர்’ வந்ததே என்பர். வந்தது, அத்தோடு கடமை முடிந்ததென்று படுத்துவிட்டோமே, அதுதான் கேடு.

கனடாவுக்கு நெடுங்காலம் முன்பே இக்கதை கடல் கடந்துவிட்டது. ஈழத்தின் மலைநாட்டுக்குக் கூலிகளாய் ஓட்டிச் செல்லப்பட்ட நம் மக்கள் மூட்டை முடிச்சோடு எடுத்துச் சென்ற செல்வங்களுள் பொன்னர் சங்கர் கூத்தும் ஒன்று. காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு அதுவும் தேயிலைத் தோட்டத்துத் திடல்களில் இரவெல்லாம் ஆடப்பட்டது. பகலெல்லாம் கொழுந்து பறித்து, அட்டைக்கடியில் குருதி இழந்து, இரவில் வரிசை வீட்டை விட்டு வெளிவந்து ஆடினர். 1948-இல் சட்டம் ஒன்று அவர்தம் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சிறிமாவோவும் சாத்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனத் தலையெண்ணிப் பங்கிட்டனர். நாடற்றவராக்கப்பட்ட அம் மக்கள் கதையற்றவராகவில்லை. அவருள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட குலத்தார் என்பதையும் நினைவிற் கொள்க. அங்கே இக்கதை ஒரு குலத்தின் உடைமையாக இருந்து பிழைக்கவில்லை. தோட்டத்து மக்கள் அனைவர்க்கும் பொதுவான கூத்தாக இருந்தே பிழைத்தது.

இங்கோ? ‘எம் குலத்துக் கதை’ என்று வேலி கட்டுகின்றனர். உழவரையும் வேட்டுவரையும் இன்றும் மோதவிடுவதற்கு இதனைக் கருவியாக்கப் பார்ப்போரும் உளர். அண்ணன்மாரோடு இறுதிவரை நின்ற சாம்புவனை மறந்துவிட்டுப் பொன்னரைப் பாட முடியுமா? பறையறைந்தவனை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு வீரத்தைப் பேசுவது என்ன வீரம்!

மற்றொரு சூழ்ச்சியும் உண்டு. அண்ணன்மார் பாண்டவரின் மறுபிறப்பு என்று கதைக்குள் ஒட்டுப் போட்டுவைத்துள்ளனர். தமிழ் மண்ணில் ஏர் பிடித்தவன் தன் கால்களால் நிற்கக் கூடாது. அத்தினாபுரத்து உறவு காட்டினால்தான் அவனுக்கு மதிப்பு! பாடகர் வாயிலும் அவ்வொட்டு ஏறிவிட்டது உண்மையே. பதிவு செய்வோர் அதனை மறைக்க வேண்டா, உள்ளவாறே எழுதட்டும். புதிதாய்ப் படைப்போர் அவ்வொட்டைப் பிய்த்தெறியட்டும். பாடகனுக்கு இருந்த அதே உரிமை படைப்பாளிக்கும் உண்டு.

பிலிப்பைன் தீவினரைப் பாருங்கள். முந்நூறு ஆண்டுக்கு மேல் இசுபானியர் ஆட்சி. அவர்தம் பழந்தெய்வங்களைப் பாதிரிமார் பேயென்று தூற்றினர். இன்று அம்மக்கள், தாயகத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும், குதிரைமுகத் திக்பலாங்கையும் குருதி குடிக்கும் அசுவாங்கையும் படக்கதையிலும் ஓவியத்திலும் மீட்டெழுப்புகின்றனர். அவர்தம் ‘திரேசே’ என்னும் படக்கதை 2021-இல் அசைபடமாகி உலகெங்கும் ஓடியது. அதனைத் தகாலோக்கு மொழியிலும் கேட்கலாம்.

கருமத்தம்பட்டியிலும் சோமனூரிலும் இரவெல்லாம் விசைத்தறி ஓடுகின்றது. அவ்விரைச்சலில் உடுக்கை கேட்கவில்லை என்று சாக்குச் சொல்ல வேண்டா. தறிக்காரனின் கையிலும் இன்று பதிவுக்கருவி உண்டு. உங்கள் ஊரிலோ அண்டை ஊரிலோ உடுக்கை அடித்துப் பாடும் முதியவர் இருப்பின், வரும் மாசிக்கு முன்பே சென்று காணுங்கள். அவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். பாட்டைத் திருத்தாமல், நடுவில் நிறுத்தாமல், முழுவதும் பதிவு செய்யுங்கள். பெயரும் ஊரும் நாளும் குறித்து வையுங்கள். ஓவியம் வல்ல இளைஞர் அதனைக் கேட்டுத் தங்காளை வரையட்டும். கொங்குத் தமிழிலேயே பேசவிடட்டும். அந்தப் படியொன்றை மலைநாட்டுத் தோட்டத்துக்கும் அனுப்புவோம். அங்கே ஆடுவோர் தம் கூத்தையும் நமக்கு அனுப்பட்டும்.