சாந்தியாகோவில் வென்ற பையன்கள்

இகோர் ஸ்டிமாக்கை நம் கால்பந்து ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2019 முதல் 2024 வரை இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். நம் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் முதன்முதலாக இந்தியச் சட்டை அணிந்தது அவர் காலத்தில்தான். அந்த ஐந்து ஆண்டுகளில் அவரைப் பற்றி எத்தனையோ செய்திகள் வந்தன. ஆனால், இருபது வயதில் அவர் ஓர் உலகப் பட்டத்தை வென்றவர் என்பதை அவற்றில் அபூர்வமாகத்தான் படித்தேன். அவர் எந்த நாட்டுக்காக வென்றாரோ அந்த நாடு இன்று வரைபடத்தில் இல்லை.

1987 அக்டோபர். பினோசெட்டின் ராணுவ ஆட்சியில் இருந்த சிலியில், 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கால்பந்துப் போட்டி. ஸ்டிமாக் ஆடிய யூகோஸ்லாவிய இளையோர் அணியிடம் யாரும் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. அதற்குமுன் 1979-ல் ஜப்பானில் நடந்த போட்டியில், மாரடோனாவின் அர்ஜென்டினா இருந்த பிரிவில் சிக்கி முதல் சுற்றோடு ஊர் திரும்பிய அணி அது. அதே தலைமுறையின் பெரிய திறமைசாலிகளான மிஹாய்லோவிச், யுகோவிச், போக்சிச் மூவருமே சிலிக்குப் போகவில்லை.

போனவர்கள் யார்? பயிற்சியாளர் மிர்கோ யோசிச். ஓசியெக் நகரிலிருந்து டாவோர் ஷுக்கர். ஜாக்ரெப் டினாமோவின் ஸ்வோனிமிர் போபன். ஸ்பிளிட்டின் ராபர்ட் யார்னி. டிட்டோகிராட் நகரிலிருந்து மியாதோவிச்சும் பிர்னோவிச்சும். அந்த ஊரின் பெயர்கூட இன்று பொட்கோரிட்சா. பெல்கிரேடின் ரெட் ஸ்டாரிலிருந்து பதினெட்டு வயது ராபர்ட் புரோசினெச்கி: பிறந்தது ஜெர்மனியில், அப்பா குரோஷியர், அம்மா செர்பியர். பின்னால் வரையப்பட்ட எல்லைகள் பலவும் அந்த ஒரே உடை மாற்றும் அறைக்குள் இருந்தன. அன்று அதை யாரும் எல்லை என்று நினைக்கவில்லை.

முதல் ஆட்டத்தில் சிலியை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றார்கள். பிறகு ஆஸ்திரேலியாவை 4-0, டோகோவை 4-1. காலிறுதியில் பிரேசில் முதலில் கோல் போட்டது. மியாதோவிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்துக்குப் போகும் என்று எல்லோரும் நினைத்த 89-வது நிமிடத்தில், புரோசினெச்கியின் ஃப்ரீ கிக் வலைக்குள் போனது.

இந்தப் போட்டியின் நடுவில் நடந்த ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஐரோப்பிய கிளப் போட்டியில் ஓர் ஆட்டம் வருகிறது, புரோசினெச்கியை உடனே திருப்பி அனுப்புங்கள் என்று ரெட் ஸ்டார் கேட்டது. அணிப் பையன்கள் கூடாது என்று கொதித்தார்கள். ஃபிஃபா தலைவர் ஹாவலாஞ்ச் வரை விஷயம் போய், அவர் தலையிட்ட பிறகே புரோசினெச்கி தங்கினார். ஒரு பெல்கிரேடு கிளப் வீரனுக்காக ஜாக்ரெப் பையனும் ஸ்பிளிட் பையனும் டிட்டோகிராட் பையனும் சேர்ந்து நின்றார்கள். நான்கே ஆண்டுகளில் போர் தொடங்கவிருந்த நாட்டின் பிள்ளைகள் அவர்கள்.

அரையிறுதியில் கிழக்கு ஜெர்மனி. ஸ்டிமாக் முதல் கோலை அடித்தார். மத்தியாஸ் சாமர் சமன் செய்தார். ஷுக்கர் அடித்த கோலால் 2-1. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1996 ஐரோப்பியக் கோப்பையில் குரோஷியாவும் ஒன்றுபட்ட ஜெர்மனியும் ஓல்ட் டிராஃபோர்டில் மோதின. ஷுக்கர் ஒரு கோல் போட்டார். வெற்றி கோலைப் போட்டவர் அதே சாமர். ஸ்டிமாக்குக்குச் சிவப்பு அட்டை. இந்த முறை 2-1 ஜெர்மனிக்கு. சிலியில் எதிரெதிரே நின்ற அந்த மூவரின் பழைய இரண்டு நாடுகளுமே அதற்குள் இல்லாமல் போயிருந்தன.

இறுதி ஆட்டம் அக்டோபர் 25 அன்று சாந்தியாகோ தேசிய மைதானத்தில். 1973 ராணுவப் புரட்சியின்போது ஆயிரக்கணக்கானோரை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்த இடம் அது. எதிரணி மேற்கு ஜெர்மனி. போராடித் தக்கவைத்த புரோசினெச்கியோ தடை காரணமாக ஆட முடியவில்லை. 85 நிமிடம் கோலே இல்லை. போபன் அடித்தார். இரண்டே நிமிடத்தில் பெனால்டி மூலம் மேற்கு ஜெர்மனியின் விட்டெசெக் சமன் செய்தார். கூடுதல் நேரமும் முடிந்து பெனால்டி ஷூட்-அவுட். சற்றுமுன் பெனால்டியில் கோல் போட்ட அதே விட்டெசெக் இம்முறை தவறவிட்டார். யூகோஸ்லாவியா ஐந்தையும் போட்டது. ஐந்தாவதை அடித்தவர் போபன். 5-4. போட்டியின் சிறந்த வீரர் விருது புரோசினெச்கிக்கு. ஷுக்கருக்கு ஆறு கோல்கள்.

பிறகு நாடு உடையத் தொடங்கியது. 1990 மே 13. ஜாக்ரெபின் மாக்சிமிர் மைதானத்தில் டினாமோவும் ரெட் ஸ்டாரும் ஆடவிருந்த நாளில் பெருங்கலவரம் வெடித்தது. ரசிகர் ஒருவரை அடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் மீது போபன் பாய்ந்து உதைத்தார். தடை விதிக்கப்பட்டு, அந்த ஆண்டு உலகக் கோப்பையை இழந்தார். 1991-ல் ஷுக்கரின் ஓசியெக் மீது குண்டுகள் விழுந்தன. 1992 மே மாதக் கடைசியில், தகுதி பெற்றிருந்த ஐரோப்பியக் கோப்பையிலிருந்து யூகோஸ்லாவியா நீக்கப்பட்டது. பதிலுக்கு அழைக்கப்பட்ட டென்மார்க் கோப்பையையே வென்றது.

1998 உலகக் கோப்பையில் குரோஷியா மூன்றாம் இடம் பிடித்தபோது போபன் கேப்டன். ஷுக்கருக்கு மறுபடியும் ஆறு கோல்கள், தங்கக் காலணி. ஸ்டிமாக், யார்னி, புரோசினெச்கி எல்லோரும் அந்த அணியில். 1990-ல் யூகோஸ்லாவியாவுக்கும் 1998-ல் குரோஷியாவுக்கும் கோல் அடித்து, இரு நாடுகளுக்காக உலகக் கோப்பையில் கோல் போட்ட ஒரே வீரர் ஆனார் புரோசினெச்கி. அதே கோப்பையில் மிச்ச யூகோஸ்லாவியாவுக்கு ஆடிய மியாதோவிச்சின் பெனால்டி, நெதர்லாந்துக்கு எதிராகக் குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ரியல் மாட்ரிட்டுக்குச் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வாங்கித் தந்த கோலை அவர் போட்டிருந்தார். அன்று அவருடைய அணியில் ஷுக்கரும் இருந்தார்.

'இந்த அணி மட்டும் சிதறாமல் இருந்திருந்தால் 1994 உலகக் கோப்பை யாருக்குப் போயிருக்கும்?' என்று இன்றும் கேட்கிறார்கள். லட்சம் பேருக்கு மேல் செத்துப்போன போர்களை ஒரு கோப்பையின் நஷ்டமாகச் சுருக்கும் கேள்வி அது. எனக்கு அதில் உடன்பாடில்லை. என் கேள்வி வேறு. வராத கோப்பை இருக்கட்டும். வென்ற கோப்பை யாருடையது?

ஃபிஃபாவின் கணக்கில் யூகோஸ்லாவியாவின் வாரிசு செர்பியா. அந்த வழியில் 1987 பட்டமும் செர்பியாவின் வரலாற்றில் சேர்கிறது. நிர்வாகத்துக்கு இப்படி ஒரு வாரிசு தேவைப்படலாம். ஆனால் இறுதி ஆட்டத்தில் கோல் போட்டவர், கடைசி பெனால்டியை அடித்தவர், அணிக்காக அதிகக் கோல்கள் அடித்தவர், பயிற்சியாளர் ஆகியோர் குரோஷியர்கள். பிரேசிலுக்கு எதிராகச் சமன் செய்தவர் மாண்டினீக்ரோக்காரர். மாற்று கோல்கீப்பர் பிப்லிட்சா பின்னாளில் போஸ்னியாவுக்கு ஆடினார். கூட்டுக் குடும்பம் பிரியும்போது நிலத்தையும் பாத்திரத்தையும் பாகம் பிரிக்கலாம்; சேர்ந்து வாழ்ந்த காலத்தில் நடத்திய கல்யாணத்தை யார் பங்கில் எழுதுவது?

2015-ல் ஆக்லாந்தில் பிரேசிலை 2-1 என்று வென்று, செர்பியாவின் 20 வயதுக்குட்பட்டோர் அணி தானே உழைத்து ஓர் உலகப் பட்டம் பெற்றது. அந்தப் பையன்களின் பெருமைக்குக் கடன் வாங்கிய கோப்பை எதுவும் தேவையில்லை.

ஆகவே, 20 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டங்களின் பட்டியல் இப்படித்தான் அச்சாக வேண்டும். செர்பியா: ஒன்று, 2015. குரோஷியா: இதுவரை இல்லை. யூகோஸ்லாவியா: ஒன்று, 1987.