டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காலத்தில் ஐந்து டப்பாக்கள் வரிசையாக நின்றன. மீன் எண்ணெய் மாத்திரை, வல்லாரைப் பொடி, பிரம்மி சிரப், 'மூளை வளர்ச்சிக்கு' என்று பெரிய எழுத்தில் போட்ட சத்துமாவு, நாட்டு மருந்துக் கடையில் கொடுத்த சூரணம். எல்லாம் அவள் மகனுக்கு. அவனுக்கு அப்போது எட்டு வயது. அந்தப் பிரம்மி சிரப்பை வாங்கிப் போனது நான்.

அவனுடைய கணக்கு நோட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முதல் இரண்டு கணக்கு குண்டு குண்டான எழுத்தில் சரியாக இருக்கும். மூன்றாவது பாதியில் நிற்கும். அதற்குக் கீழே, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி வரைந்த ஒரு பஸ். பக்கத்தில் டீச்சரின் சிவப்பு மை. இப்படியே பக்கம் பக்கமாக இரண்டு வருடம்.

குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்க்கும்படி பள்ளியில் சொன்னார்கள். "அந்த மாத்திரையெல்லாம் வேண்டாம், இயற்கையா ஏதாவது பார்ப்போம்" என்று வீட்டில் முடிவானது. ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு) என்ற பெயரைக் கேட்டதும் எத்தனையோ வீடுகளில் எடுக்கப்படும் முடிவு இது. இயற்கையானது என்றால் தீங்கில்லை, தீங்கில்லை என்றால் முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு. நஷ்டம் இருக்கிறது, அதைக் குழந்தைதான் சுமக்கிறது.

முதலில் அந்த டப்பாக்களைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் கவனம், நினைவாற்றல், கூர்மை என்று வண்ண எழுத்து. பின்பக்கத்தில் பொடி எழுத்தில், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. ஹெல்த் சப்ளிமென்ட் என்று விற்கப்படும் பொருள்களில் அந்த வரி இருந்தே ஆக வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு விதி. மருந்து இல்லை என்று தயாரித்தவரே அச்சடித்துக் கொடுத்த பொருளைத்தான் நாம் மருந்துக்குப் பதிலாகக் குழந்தையின் வாயில் ஊற்றுகிறோம்.

பலன் உண்டா என்று யாரும் பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம், பார்த்திருக்கிறார்கள். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 போன்ற கொழுப்பு அமிலங்கள் பற்றி நடந்த 37 சோதனைகளை, 2,300க்கும் மேற்பட்ட குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் கொண்டவற்றை, காக்ரேன் அமைப்பு 2023இல் தொகுத்து ஆராய்ந்தது. பெற்றோர் கொடுத்த மதிப்பீட்டின்படி கவனக்குறைவிலும் சரி, துறுதுறுப்பிலும் சரி, எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வேறுபாடு இல்லை. மேலைநாடுகளில் பேர்போன செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை அமெரிக்காவில் 54 குழந்தைகளுக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் வந்த முடிவு: போலி மாத்திரையைவிட அது மேலாக இல்லை. நம் பிரம்மியின் சாற்றை ஆஸ்திரேலியாவில் சிறுவர்களுக்கு 14 வாரம் கொடுத்தார்கள். 2022இல் வெளியான அந்த ஆய்விலும் நடத்தையை அளந்த முக்கிய அளவுகோலில் முன்னேற்றம் தெரியவில்லை.

"எங்க பையனுக்குக் கேட்டுச்சே" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இந்தக் குறைபாடு நாளுக்கு நாள் ஏறி இறங்கும். மிக மோசமான வாரத்தில் டப்பா வாங்குகிறோம். அடுத்த வாரம் எப்படியும் கொஞ்சம் தணியும். பரீட்சை முடிந்து லீவு விட்டாலும் தணியும். காசு கொடுத்து வாங்கிய மனமும் நல்லதையே தேடிப் பார்க்கும். பிரம்மி சிரப் கொடுத்த முதல் மாதம் அக்காவும் நானும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னோம், பிள்ளை அடங்கியிருக்கிறான் என்று. அது மே மாதம். ஜூனில் பள்ளி திறந்ததும் நோட்டில் மறுபடியும் பஸ் வந்தது. போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த மயக்கத்திலிருந்து தப்பத்தான்.

சரி, பலன் இல்லாவிட்டாலும் தீங்கு இல்லையே என்ற வாதத்துக்கு வருவோம். அரளியும் எட்டியும் இயற்கைதான். பிள்ளை வளர்ப்பான் என்று நாம் பெயரிட்டுக் கைக்குழந்தையின் மணிக்கட்டில் கட்டிவிடும் வசம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தி தெளியும், பேச்சு வரும் என்று அதை உரசி நாக்கில் தடவுகிறோம். வசம்பு எண்ணெயை எலிகளுக்குக் கொடுத்தபோது கட்டிகள் வந்ததால், உணவில் வசம்பு சேர்ப்பதை அமெரிக்கா 1968லேயே தடை செய்தது.

சூரணத்தில் என்ன இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியாது. தெற்காசியாவில் தயாராகி பாஸ்டன் சுற்றுவட்டாரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்ததாக 2004இல் ஆய்வு வெளியானது. ஈயம் வளரும் மூளையைத் தாக்கும். குழந்தையின் கவனத்தையும் நிதானத்தையுமே அது கெடுக்கும். எந்தக் குறைக்காகப் பொட்டலத்தைப் பிரிக்கிறோமோ அதையே கூட்டும் பொருள் அதற்குள் இருக்கலாம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

மருந்தைக் கண்டு வரும் பயம் எனக்குப் புரிகிறது. ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் இந்தியாவில் 'ஷெட்யூல் எக்ஸ்' பட்டியலில் இருக்கிறது. இரட்டைப் பிரதியில் சீட்டு வேண்டும். ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு வருடம் பாதுகாக்க வேண்டும். பல கடைகளில் வைத்திருப்பதே இல்லை. இவ்வளவு கெடுபிடியா, அப்படியானால் பயங்கரமான மருந்துதான் என்று பெற்றோர் மிரள்கிறார்கள். யாரும் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கான பூட்டு அது. பக்கவிளைவுகள் உண்டு: பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், உயரம் ஓரளவு குறையக்கூடும். 1950களிலிருந்து புழக்கத்தில் உள்ள மருந்து என்பதால் இவற்றை அளந்து வைத்திருக்கிறார்கள். எடையும் உயரமும் ரத்த அழுத்தமும் பார்த்து அளவை மாற்றுகிறார்கள். சூரணத்தின் பக்கவிளைவு தெரியவில்லை என்றால் அதை யாரும் அளக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

எல்லாக் குழந்தைக்கும் மாத்திரை கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆறு வயதுக்குக் கீழே பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சிதான் முதல் சிகிச்சை. சேட்டை செய்யும் பிள்ளைக்கெல்லாம் ஏ.டி.எச்.டி.யும் இல்லை. அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவில் 579 குழந்தைகளை 14 மாதம் தொடர்ந்து, 1999இல் வெளியான பெரிய ஆய்வில், மாதாமாதம் கவனித்துக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சியை மட்டும் பெற்றவர்களைவிட அடிப்படை அறிகுறிகளை நன்றாகக் குறைத்தது. மருந்து குறைபாட்டை வேரோடு அறுக்காது; எடுக்கும்வரை உதவும். அந்த நேரத்தில் பிள்ளை படிக்கவும் பழகவும் இடம் கிடைக்கிறது.

சத்துக் குறைவு இருந்தால் அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இரும்புச்சத்து குறைந்த குழந்தைக்குக் கவனமும் குறையக்கூடும். அதை ரத்தப் பரிசோதனை சொல்லட்டும், விளம்பரம் சொல்ல வேண்டாம். வல்லாரைத் துவையலைச் சோற்றில் பிசைந்து கொடுங்கள், நல்ல கீரை. கீரையாகக் கொடுங்கள்.

"அவங்க அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான், தானா சரியாயிட்டான்" என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். இரட்டையர் ஆய்வுகளின்படி இந்தக் குறைபாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு மரபுவழி வருவது. அப்பாவும் அப்படித்தான் என்பது நோய்க்கான சாட்சியே தவிர ஆறுதல் இல்லை. அந்த அப்பா பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர், இன்றுவரை 'உருப்படாதவன்' என்ற பெயரைத் தன்னோடு கொண்டுதிரிபவர். அவரிடம் யாராவது கேட்டோமா, தானாகச் சரியானதா என்று?

பத்தாவது வயதில்தான் மருத்துவரிடம் போனோம். மருந்தும் கொடுத்தார்கள், அக்காவுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது, அளவை மாற்றினார்கள். பிள்ளை மந்தமாகிவிடுவான் என்று பயந்தோம். அவன் இப்போதும் பஸ் வரைகிறான். கணக்கை முடித்துவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைகிறான்.

ஆனால் மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் எல்லோரும் கற்ற வாய்ப்பாட்டை அவன் ஆறாம் வகுப்பில் தனியாக உட்கார்ந்து கற்றான். "நான் மக்கு மாமா" என்று அந்த இரண்டு வருடத்தில் சொல்லப் பழகியதை இன்னும் முழுதாக விடவில்லை. எந்த லேபிளிலும் அச்சிடாத பக்கவிளைவு அதுதான்.

உங்கள் பள்ளியும் மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் கடைக்குப் போகாதீர்கள். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. குழந்தை நலத் திட்டத்தின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது, அதன்கீழ் இயங்கும் மாவட்ட இடையீட்டு மையத்தில் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் பிள்ளையை அங்கே அழைத்துப் போங்கள். டப்பாவுக்குக் காலாவதித் தேதி தள்ளி இருக்கலாம். மூன்றாம் வகுப்பு ஒரு வருடம்தான்.